படியேறும் கப்பல்

அறைக் கதவைத் திறந்ததும் என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டிய அளவுதான் இடம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள், மேலே ஏற ஒரு சிறு ஏணி, மூலையில் கைகழுவும் தொட்டி, சுவரில் ஒரு கண்ணாடி, சட்டை மாட்ட நாலு கொக்கி. குளியலறையும் கழிப்பறையும் வெளியே, எல்லோருக்கும் பொது. "என்னங்க, பழைய ஃபர்ஸ்ட் கிளாஸ் கூப்பே மாதிரியே இருக்கு" என்றாள். குரலில் குறை இல்லை. பழகிய ஒன்றைப் பார்த்துவிட்ட நிம்மதி இருந்தது. பெட்டியைக் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தோம். கதவைத் தாண்டினால் இரண்டடி நடை, நடையைத் தாண்டினால் மரக் கைப்பிடி, அதற்கப்பால் தண்ணீர்.

கப்பலின் பெயர் ஜூனோ. ஸ்வீடன்காரர்கள் யூனோ என்கிறார்கள். 1874இல் மோட்டாலா என்ற ஊரின் பட்டறையில் கட்டியது. பயணிகள் இரவு தங்கிச் செல்லும் வசதியோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களில் உலகத்திலேயே இதுதான் மூத்தது என்று சொல்கிறார்கள். நீராவியில் ஓடி, 1950களில் டீசலுக்கு மாறியது. நீளம் 31 மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் 7 மீட்டருக்கும் குறைவு. ஐம்பது பேருக்கு மேல் அதிகம் ஏற்ற முடியாது. ஸ்டாக்ஹோமின் பழைய நகரத்துக் கரையில் அது கட்டப்பட்டிருந்தபோது, தூரத்தில் வேறொரு துறையில் பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில் இன்றைய உல்லாசக் கப்பல் ஒன்று வெள்ளைச் சுவராக நின்றது. அதில் நீச்சல் குளமும் நாடக அரங்கும் இருக்கும். எங்கள் கப்பலில் ஒரு சாப்பாட்டு அறை, புத்தக அலமாரி வைத்த ஒரு சிறு கூடம், நாற்காலிகள் போட்ட மேல்தளம், அவ்வளவுதான். தொலைக்காட்சி இல்லை. வழக்கமான கப்பல் விடுமுறையில் மனிதர்கள் கப்பலுக்குள்ளே எதையாவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூனோவில் வெளியே பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அதற்காகத்தான் வந்திருந்தோம்.

ஸ்வீடனின் இடுப்பில் குறுக்காக ஒரு நீர்வழி ஓடுகிறது. கிழக்கே பால்டிக் கடல், மேற்கே கோதன்பர்க் துறைமுகம். நடுவில் ஆறுகள், ஏரிகள், அவற்றைக் கோத்துக் கட்டிய யோத்தா கால்வாய். கால்வாய்ப் பகுதி மட்டும் 190 கிலோமீட்டர். அதில் 87 கிலோமீட்டர் மனிதர்கள் வெட்டியது. ஸ்டாக்ஹோமிலிருந்து கோதன்பர்க்குக்கு ரயிலில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஜூனோவுக்கு நான்கு நாள்.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மேலாரன் ஏரிக்குள் நுழைந்தோம். கரையெல்லாம் சிவப்புச் சாயம் பூசிய மர வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படகுத்துறை. வரைபடத்தை விரித்து ஹெல்யோ என்ற தீவைத் தேடிக்கொண்டிருந்தேன். முந்தைய நாள் ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு புத்தரைப் பார்த்திருந்தோம். எட்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், வெண்கலம், தாமரைப் பீடத்தில் உட்கார்ந்த கோலம். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில், ஸ்வாத் பள்ளத்தாக்கு பக்கம், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் வார்த்தது என்கிறார்கள். 1950களில் ஹெல்யோவில் தோண்டியபோது கிடைத்தது. அதே இடத்தில் அயர்லாந்துப் பாதிரியார் ஒருவரின் கோல்முனையும் எகிப்துப் பக்கத்து வெண்கல அகப்பை ஒன்றும் கிடைத்தன. யார் கையிலிருந்து யார் கைக்கு மாறி அந்தப் புத்தர் பனிநாட்டுத் தீவுக்கு வந்து சேர்ந்தார் என்பது யாருக்கும் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்கு முன் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். காவலுக்கு நின்ற பெண் எதுவும் சொல்லவில்லை. இப்போது அந்தத் தீவுகளுக்கு நடுவே போகும்போது, பைன் மரங்கள் அடர்ந்த எந்தக் கரையைப் பார்த்தாலும் அந்தச் சின்ன முகம் ஞாபகத்துக்கு வந்தது.

ஜூன் கடைசி வாரம். இரவு வருவதாகச் சொல்லிக்கொண்டு வராமலே போனது. பதினோரு மணிக்கும் வானத்தின் ஓரத்தில் வெளிச்சம் இருந்தது. சோடர்டேல்யே கால்வாயைக் கடந்து பால்டிக் கடலோரத் தீவுகளுக்கு நடுவே கப்பல் போனபோது படுத்தோம். மரப்பலகைகள் முனகின. எஞ்சினின் துடிப்பு முதுகின் கீழ் ஒரே தாளத்தில் இருந்தது.

காலையில் ஸ்டேகபோரி கோட்டையின் இடிந்த கோபுரம் தெரிந்தது. 1537இல் மூன்றாம் யூஹான் மன்னர் பிறந்த இடம். குடாக் கடல் குறுகிக்கொண்டே போய் மெம் என்ற இடத்தில் முடிகிறது. கால்வாய் தொடங்குவது அங்கேதான். 1832 செப்டம்பர் 26 அன்று மன்னர் பதினான்காம் கார்ல் யூஹான் முன்னிலையில் கால்வாயைத் திறந்தது இந்தக் கரையில்தான். ஆனால் அன்று அங்கே இருந்திருக்க வேண்டிய ஒரு மனிதர் இல்லை.

பால்ட்சர் ஃபான் பிளாட்டன் கடற்படை அதிகாரி. 1809இல் ஸ்வீடன் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்தது. நாட்டின் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மேற்கே போகும் கப்பல்களோ ஓரசுண்ட் நீரிணையில் டென்மார்க்குக்குச் சுங்கம் கட்டியாக வேண்டும். ஷேக்ஸ்பியர் ஹாம்லெட்டின் கதையை நிகழவைத்த எல்சினோர் கோட்டைதான் அந்தச் சுங்கச்சாவடி. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து அங்கே வசூல் நடந்தது. கடலைவிட்டு நாட்டுக்குள்ளேயே ஒரு வழி வெட்டிவிட்டால் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாம் என்பது பிளாட்டனின் வாதம். ஸ்காட்லாந்தில் காலிடோனியன் கால்வாயைக் கட்டிக்கொண்டிருந்த தாமஸ் டெல்ஃபோர்டை 1808இல் வரவழைத்தார். அவர் சில வாரங்களில் நாடு முழுக்க நடந்து அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தார். 1810இல் வேலை தொடங்கியது. 22 ஆண்டு ஆனது. திறப்பு விழாவுக்கு மூன்று ஆண்டுக்கு முன்பே, 1829இல், பிளாட்டன் இறந்துபோனார்.

மெம்மில்தான் முதல் லாக். இந்தச் சொல்லுக்குத் தமிழில் நல்ல சொல் தேட வேண்டியதில்லை. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில் சென்னைக்காரர்கள் சொன்ன சொல்தான் இது. சேப்பாக்கத்தில் கால்வாயோரம் லாக் நகர் என்றே ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டி. கீழ்க்கதவு திறந்து கப்பல் உள்ளே போகிறது. கதவு மூடுகிறது. மேல்மடையிலிருந்து தண்ணீரை விடுகிறார்கள். தொட்டி நிறைய நிறையக் கப்பல் எழும்புகிறது. மேல்மட்டம் வந்ததும் மேல்கதவைத் திறந்தால் அடுத்த கால்வாய்.

ஜூனோவின் உடம்பு இந்தத் தொட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது. இரண்டு பக்கமும் கைவைக்கும் இடைவெளிதான். கப்பலின் விலாவில் கயிற்றில் மரத்தடிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கல்லுக்கும் கப்பலுக்கும் நடுவே அவை நசுங்கி, கீச்சிட்டு, சிராய்கள் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். மாலுமிகளில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள், கோடை வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் ஒரு பெண், இருபது வயதுக்கு மேல் இருக்காது, கப்பல் தொட்டிக்குள் நுழையும் முன்பே கரைக்குத் தாவி, கயிற்றை இரும்புக் கொக்கியில் மாட்டி, கப்பல் எழ எழத் தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே இருந்தாள். நான் கைப்பிடி ஓரம் நின்றேன். முதலில் கண்ணுக்கு நேரே ஈரமான கல்சுவர். கல்லிடுக்கில் பாசி, பிறகு ஒரு சின்னச் செடி. பிறகு புல்லின் வேர். அப்புறம் சைக்கிள் சக்கரங்கள், ஒரு நாயின் முகம், அதைப் பிடித்திருந்த சிறுவனின் முழங்கால். கடைசியில் அவன் முகம். அவன் கையசைத்தான். பத்து நிமிடத்துக்குள் ஒரு மாடி ஏறியிருந்தோம்.

சோடர்ஷோபிங் ஊரில் கால்வாய் ஒரு குன்றின் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. கோடையில் ஊரே கரையில்தான் இருக்கிறது. ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கும் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் நாலு அடிதான் தூரம். கால்வாயில் மணிக்கு 5 கடல்மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வேகம் கூடினால் அலை கரையை அறுத்துவிடும். அதனால் லாக் ஒன்றில் இறங்கிக் கரையோரப் பாதையில் நடந்து அடுத்த லாக்கில் ஏறிக்கொள்ளலாம். நாங்களும் இறங்கி நடந்தோம். ஒரு காலத்தில் மாடுகளும் குதிரைகளும் படகுகளை இழுத்துப்போன பாதை அது. கரை சரியாமல் இருக்க நட்ட மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக வளர்ந்து நிழல் போட்டிருந்தன. கப்பல் பக்கத்திலேயே, கூட நடந்துவரும் பெரியவரைப் போல நிதானமாக வந்தது.

நடக்கும்போது அந்தக் கரையை மேடாக்கியவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ 58,000 பேர். பெரும்பாலும் சிப்பாய்கள். போர் இல்லாத காலத்தில் பட்டாளங்களை மண்வெட்ட அனுப்பினார்கள். அவர்களோடு ரஷ்யப் படையிலிருந்து ஓடிவந்தவர்களும் இருந்தார்கள். விளிம்பில் மட்டும் இரும்பு பூட்டிய மர மண்வெட்டிதான் கருவி. நாளுக்கு 12 மணி நேரம். அப்படி 70 லட்சம் ஆள்நாள் உழைப்பு இந்த மண்ணுக்குள் இருக்கிறது. நமக்கும் இது தெரிந்த கதைதான். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி 1877-78 பஞ்சத்தில், கூலிக்கு வந்தவர்கள் வெட்டியது. மன்னர், பொறியாளர், ஆளுநர் பெயர்கள் கல்வெட்டில் இருக்கும். மண்வெட்டி பிடித்தவர் பெயர் எந்த நாட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் தண்ணீர் இன்னும் அவர்கள் வெட்டிய மட்டத்தில்தான் நிற்கிறது.

மாலையில் ரோக்சன் ஏரியைக் கடந்து பெர்க் என்ற இடத்துக்கு வந்தோம். இந்தப் பயணத்தில் மறக்க முடியாத காட்சி அங்கேதான். ஏரிக்கரையிலிருந்து குன்றின் மேலே ஏழு லாக்குகள், ஒன்றோடொன்று ஒட்டி, கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி ஏறுகின்றன. கார்ல் யூஹான் லாக்குகள் என்று பெயர். ஏழும் சேர்ந்து கப்பலை 18.8 மீட்டர் தூக்குகின்றன. கீழே நின்று பார்த்தால் ஏழு கதவுகளும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதுபோல் தெரியும். ஒரு தொட்டியின் மேல்கதவுதான் அடுத்த தொட்டியின் கீழ்க்கதவு. சுற்றிலும் புல்வெளி. பாய் விரித்துக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. எங்களுக்கு முன்னால் இரண்டு பாய்மரப் படகுகள் இறங்கிக்கொண்டிருந்ததால் கப்பல் காத்திருந்தது. யாருக்கும் அவசரமில்லை. மேலே ஏறி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, காலையில் கடல்மட்டத்தில் இருந்த நாங்கள் ஏரியைக் குனிந்து பார்க்கும் உயரத்தில் இருந்தோம். அந்த உயரத்துக்கு எங்களைக் கொண்டுவந்தது தண்ணீர் மட்டுமே. எஞ்சின் கப்பலை முன்னே தள்ளியதே தவிர, ஒரு அடிகூட மேலே தூக்கவில்லை.

கப்பல் அடுத்துள்ள லாக்குகளை ஏறும் நேரத்தில் பயணிகள் வ்ரேத்தா மடத்துக்கு நடந்தார்கள். ஸ்வீடனின் முதல் பெண் துறவியர் மடம், ஏறத்தாழ 1100இல் நிறுவியது. இப்போது தேவாலயமும் இடிந்த அடித்தளமும்தான் இருக்கின்றன. வெட்டிய புல் வாசனை. ஒன்பது மணி வெயில் கல்லறைகளின் மேல் சாய்வாக விழுந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மணி அடிப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஊறவைத்த ஹெரிங் மீன், உப்பும் சர்க்கரையும் தடவிப் பதப்படுத்திய சால்மன், மொறுமொறுப்பான ரை ரொட்டி, கோடையின் முதல் உருளைக்கிழங்கு. மீன் சாப்பிடாத என் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்று கவலைப்பட்டேன். அவள் அந்தப் புது உருளைக்கிழங்கை ஒரு வாய் வைத்ததும் கண்ணை மூடினாள். "இது சதகுப்பைங்க. பிள்ளை பெத்தப்ப அம்மா லேகியத்துல போடுவாங்களே, அதே வாசம்." மேலே தூவியிருந்த பச்சை இழைகள் சதகுப்பைக் கீரை. இந்த நாட்டில் அது இல்லாமல் கோடைச் சாப்பாடு இல்லை. விதையாக மருந்துப் பெட்டியில் மட்டும் பார்த்ததை இங்கே கொத்துக் கொத்தாகத் தின்றுகொண்டிருந்தோம். பரிமாறிய பையனிடம் அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மூன்றாம் நாள் காலை விசித்திரமான ஓர் இடத்தைக் கடந்தோம். யுங்ஸ்புரோ அருகே கால்வாய் ஒரு பாலமாகிவிடுகிறது. கீழே சாலையில் கார்கள் போகின்றன, மேலே கப்பல் போகிறது. அந்த ஊரில் ஸ்வீடன் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு சாக்லேட் தொழிற்சாலை இருக்கிறது. போரன்ஸ்பர்க்கில் லாக் கதவை இன்னும் கையாலேயே திறக்கிறார்கள். மற்றவை பெரும்பாலும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. இதுவும் இன்னொன்றும்தான் பாக்கி. லாக் காவலர் நீண்ட மரக்கையை இடுப்போடு அணைத்து, பின்பக்கமாகக் காலை ஊன்றித் தள்ளினார். செக்கு இழுப்பது போன்ற நடை. பயணிகளில் சிலர் இறங்கி மறுபக்கக் கதவைத் தள்ளினார்கள். நானும் கைகொடுத்தேன். முதலில் மலைபோல அசையாமல் இருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் சமமானதும் ஒரு பெருமூச்சுபோல விலகியது.

கப்பலில் எங்களோடு பேசிப் பழகியவர் ஓய்வுபெற்ற ஸ்வீடிஷ் ஆசிரியை. பயணம் முழுவதும் கையில் ஒரு பழைய நாவலை வைத்திருந்தார். மாய் ஷோவாலும் பேர் வாலோவும் எழுதிய 'ரோசன்னா', 1965இல் வந்தது. இந்தக் கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைப்பதில் அந்தக் கதை தொடங்குகிறது. அவள் வந்த கப்பல் ஜூனோவின் தங்கைக் கப்பலான டயானா. இன்று உலகம் முழுக்க வாசிக்கப்படும் ஸ்வீடன் துப்பறியும் நாவல்களுக்கெல்லாம் முன்னோடி இதுதான். போரன்ஸ்ஹூல்ட்டின் ஐந்து லாக்குகளில் கப்பல் ஏறத் தொடங்கியதும் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "இந்த இடம்தான். நீங்கள் அழகான ஒரு புல்வெளியைப் பார்க்கிறீர்கள். எங்களில் பலருக்கு இங்கே அந்தப் பெண்ணின் ஞாபகம் வராமல் இருக்காது" என்றார்.

அடுத்து மோட்டாலா. 1822இல் கால்வாய் வேலைக்கான இரும்புச் சாமான்களைச் செய்யத் தொடங்கிய சின்னப் பட்டறை, பிற்காலத்தில் நாட்டின் எந்திரத் தொழிலுக்கே தொட்டிலானது. ஜூனோ பிறந்த இடம். அதன் செங்கல் கட்டடங்களைத் தாண்டும்போது கேப்டன் ஒருமுறை சங்கு ஊதினார். பிறந்த வீட்டு வாசலைக் கடக்கும் கிழவி கூப்பிட்டதுபோல் இருந்தது. கொஞ்ச தூரத்தில், கால்வாய்க் கரையிலேயே, மரநிழலில் பிளாட்டனின் சமாதி. அவர் நார்வேயின் ஆளுநராக இருந்தபோது அங்கே இறந்தார். இங்கே கொண்டுவந்து புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தான் திறந்து பார்க்காத கால்வாயில் போகும் ஒவ்வொரு கப்பலும் அவரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். மேல்தளத்தில் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவர் இறந்தபிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1857இல் ஓரசுண்ட் சுங்கத்தையே நாடுகள் கூடி ஒழித்துவிட்டன. 1862இல் ஸ்டாக்ஹோமுக்கும் கோதன்பர்க்குக்கும் ரயில் வந்துவிட்டது. எந்தக் காரணத்துக்காக 22 ஆண்டு வெட்டினார்களோ, அந்தக் காரணம் 25 ஆண்டில் மறைந்துபோனது. வெட்டர்ன் ஏரியின் மறுகரையில் இதைவிடக் கனமான இன்னொரு உதாரணம் இருக்கிறது. கார்ல்ஸ்போர்க் கோட்டை. போர் வந்தால் அரச குடும்பமும் நாடாளுமன்றமும் பொக்கிஷமும் வந்து தங்குவதற்கு நாட்டின் நடுவே ஒரு மாற்றுத் தலைநகர். 1819இல் தொடங்கினார்கள், 1909இல்தான் முடிந்தது. ஏரியின் எதிர்க்கரையில் கைதிகள் வெட்டிய சுண்ணாம்புக் கற்களைப் படகில் கொண்டுவந்து கட்டிய ஒரு கட்டடம் மட்டும் 678 மீட்டர் நீளம். கட்டி முடிக்கும்போது பீரங்கிகள் வேறாகிவிட்டன. அந்தக் கோட்டையை யாரும் தாக்கவேயில்லை.

அந்தச் சுவரையொட்டி நடந்தபோது மனம் கனத்தது. தொண்ணூறு ஆண்டு, மூன்று தலைமுறை. ஆனால் கோட்டையைப் பார்த்த அதே கண்ணால் கால்வாயைப் பார்க்க என்னால் முடியவில்லை. கோட்டை அன்றைக்கே கல்லாகிவிட்டது. கால்வாயில் தினமும் யாரோ கதவு திறக்கிறார்கள், தூர் எடுக்கிறார்கள், புல் வெட்டுகிறார்கள். முதலில் சொன்ன காரணம் போய்விட்டாலும் வேலை நிற்கவில்லை. வேலை நிற்காதவரை அது பயனற்றுப்போனதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெட்டர்ன் ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்றார்கள். அடிக்கல் தெரியும் அந்தத் தெளிவைப் பார்த்தபின் சந்தேகம் வரவில்லை. ஃபோர்ஸ்விக்கில் உள்ளது கால்வாயின் மிகப் பழைய லாக், 1813இல் கட்டியது. பல ஆண்டுகளாக இந்த ஊரில் ஒரு குடும்பம், கப்பல் வரும்போதெல்லாம் கரையில் நின்று பக்திப் பாடல் பாடி, பயணிகளுக்குக் காட்டுப்பூக்கள் கொடுத்து வழியனுப்புமாம். யார் சொல்லியும் செய்யவில்லை. யாரிடமும் காசு வாங்கவும் இல்லை. வழிகாட்டிப் பெண் இதைச் சொல்லும்போது கரையில் யாரும் இல்லை. ஒரு வாத்துக் கூட்டம் மட்டும் இருந்தது.

ஃபோர்ஸ்விக்குக்கு மேலே வீக்கன் ஏரி. கடல்மட்டத்திலிருந்து 91.8 மீட்டர், இந்த நீர்வழியின் உச்சி. இந்த ஏரியின் தண்ணீர் இரண்டு திசையிலும் போகிறது. ஒரு பக்கம் வெட்டர்ன் வழியாகப் பால்டிக் கடலுக்கு, மறுபக்கம் கால்வாய் வழியாக மேற்குக் கடலுக்கு. ஏரி குறுகும் இடமொன்றில் இருபுறமும் கல்பாவிய கரையை ஒட்டி, மரக்கிளைகள் முகத்தில் படும் நெருக்கத்தில், கப்பல் வளைந்து வளைந்து போனது. பேசிக்கொண்டிருந்தவர்களெல்லாம் தானாகவே பேச்சை நிறுத்தினார்கள். அல்லியிலைகள் கப்பலுக்கு வழிவிட்டு விலகி, பின்னால் மறுபடி கூடின. ஒரு நாரை எழுந்து முன்னால் பறந்து, உட்கார்ந்து, கப்பல் அருகே வந்ததும் மறுபடி பறந்தது. அரை மணி நேரம் அதுதான் வழிகாட்டி.

உச்சியைத் தாண்டினால் இனி இறக்கம்தான். தோரெபூதா ஊரில் கப்பல் நின்றது. முன்னால் ரயில் பாலம். ஸ்டாக்ஹோம்–கோதன்பர்க் ரயில்பாதை கால்வாயைக் கடப்பது இங்கேதான். கால்வாயின் தொழிலைப் பறித்த அதே பாதை. பாலம் எழும்ப வேண்டுமானால் இரண்டு ரயில்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்க வேண்டும். காத்திருந்தோம். தண்டவாளம் முதலில் முணுமுணுத்தது, பிறகு ஒரு வேக ரயில் ஐந்தாறு நொடியில் கடந்துபோனது. ஜன்னல்களில் வெளிச்சம், ஒரு முகமும் தெரியவில்லை. பிறகு பாலம் மெதுவாக எழுந்தது. இப்போது ரயில் காத்திருக்கும் முறை. நாங்கள் கீழே போனோம்.

மறுநாள் விடிந்தபோது கரையே காணவில்லை. ஷோதோர்ப்பில் கால்வாய் முடிந்து வேனர்ன் ஏரிக்குள் வந்திருந்தோம். லடோகா, ஒனேகா ஏரிகளுக்கு அடுத்து ஐரோப்பாவிலேயே பெரிய ஏரி இது. கடல் மாதிரியே அலை. கப்பல் உருண்டது, சாப்பாட்டு அறையில் கோப்பைகள் ஒன்றையொன்று தட்டின. 1837இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் இந்தப் பாதையில் கப்பலில் போனபோதுதான் ஸ்வீடிஷ் எழுத்தாளர் ஃப்ரெட்ரிகா பிரேமரைச் சந்தித்தார். அந்த நட்பு பிறகு நெடுங்காலம் நீடித்தது. மெதுவாகப் போகும் கப்பலில் அப்படி நடக்க முடியும். இந்த மூன்று நாளில் எங்களுக்கும் அந்த ஆசிரியைக்கும் நடுவே அதுதான் நடந்திருந்தது. தன் கணவர் இறந்தபிறகு இது முதல் கோடை என்பதை அன்று காலைதான் சொன்னார். முப்பது ஆண்டுக்கு முன் இதே கப்பலில் அவரோடு வந்தாராம். "அவர் மேல்படுக்கையில் படுத்தார். இந்த முறை நான் மேலே படுத்துப் பார்த்தேன்" என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் மூவரும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டிரோல்ஹெட்டனில் நான்கு பெரிய லாக்குகளில் 32 மீட்டர் இறங்கினோம். பக்கத்திலேயே பாறைகளுக்கு நடுவே பழைய லாக்குகள் வற்றிக் கிடக்கின்றன. 1800இல் கட்டியது, பிறகு 1844இல் கட்டியது, இப்போது ஓடுவது 1916இல் கட்டியது. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக ஒன்றைக் கைவிட்டு அடுத்ததை வெட்டியிருக்கிறார்கள். முதலில் கட்டியதன் கல்சுவரில் இப்போது பிர்ச் மரங்கள் முளைத்திருக்கின்றன. சரக்குக் கப்பல்களுக்கான அந்தப் பெரிய தொட்டியில் ஜூனோ ஒரு ஓரமாக, பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த குழந்தைபோல நின்றது.

யோத்தா ஆற்றின் கடைசி மணி நேரங்கள் வேகமாகப் போயின. போஹுஸ் கோட்டை, பாலங்கள், எண்ணெய்த் தொட்டிகள், பாரந்தூக்கிகள். பிறகு கோதன்பர்க்.

இறங்கிய கரையருகே பழைய சுங்கக் கட்டடம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முதல் பகுதி வரை ஏறத்தாழ 12 லட்சம் ஸ்வீடன்காரர்கள் பிழைப்புத் தேடி அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் கிளம்பியது இந்தத் துறையிலிருந்து. உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து கால்வாய்க் கப்பல்களில் ஏறி இங்கே வந்து, இங்கிருந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு, அங்கிருந்து ரயிலில் லிவர்பூலுக்கு, பிறகு அட்லாண்டிக். நாங்கள் விடுமுறைக்காக வந்த வழியில் அவர்கள் ஊரைவிட்டே போனார்கள். பெர்க்கின் படிகளிலும் வீக்கனின் குறுகலிலும் அவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஜூனோவும் அவர்களில் பலரைச் சுமந்திருக்க வேண்டும்.

என் மனைவி கரையில் பெட்டியை வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அவள் அப்பா பினாங்கில் வேலை செய்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறித்தான் போனார், அதிலேயே திரும்பி வந்தார். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடி, மேல்தளத்தில் ஆயிரக்கணக்கானவர்களைப் பாயும் பெட்டியுமாக ஏற்றிப்போய், 1970களில் உடைக்கப்பட்டது.

"ரஜூலாவுல ஒரு கதவு, ஒரு கைப்பிடி இருந்தாக்கூட, போய்த் தொட்டுப் பாத்துட்டு வந்திருப்பேன்" என்றாள். "இவங்க பாருங்க, முழுசா வெச்சிருக்காங்க."

ஆசிரியை எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு, ஜூனோவின் பக்கவாட்டில் ஒருமுறை உள்ளங்கையை வைத்துவிட்டுப் போனார்.

கப்பலில் ஏற்கெனவே வேலை தொடங்கிவிட்டது. ஒருவர் படுக்கை விரிப்புகளை மூட்டையாகக் கட்டி இறக்கினார். இன்னொருவர் உருளைக்கிழங்குப் பெட்டிகளை ஏற்றினார். நாலு நாளாகக் கயிறு பிடித்த அந்தப் பெண் முழங்காலிட்டு, லாக் சுவர்களில் உரசித் தேய்ந்துபோன மரத்தடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கரையில் அடுக்கினாள். பாதியாகச் சிறுத்த ஒரு தடியை என் மனைவி குனிந்து எடுத்தாள். "நான் வெச்சுக்கட்டுமா?" என்று சைகையில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் கிடந்த புதுத்தடி ஒன்றை எடுத்து, கயிற்றில் முடிச்சுப்போடத் தொடங்கினாள்.